படுதா இழுத்தவர்களும் லைட் பிடித்தவர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

ஓ.எல். பரீட்சை முடிந்ததும் நம் பகுதிப் பொடியன்மார் சிலர் மேடை லைட், சவுண்ட் வாடகைக்குக் கொடுக்கும் இடங்களில் கைவேலைக்குச் சேர்கிறார்கள். கல்யாண வீடு, மீலாத் மேடை, பரிசளிப்பு விழா, நாடகம் எல்லாவற்றுக்கும் அதே லொறி, அதே வயர்தான். நடுச்சாமம் தாண்டி வீடு வரும் மகனைப் பார்த்துவிட்டு உம்மாமார் எம்மிடம் கேட்பது ஒரே கேள்வி: "சேர், இதெல்லாம் ஒரு தொழிலா?" நாடகம் கூடுமா கூடாதா என்ற பேச்சுக்குள் நாம் இங்கே போகவில்லை, அதை உலமாக்களிடம் விடுவோம். தொழிலா என்ற கேள்விக்குப் பதில் சொல்லலாம். கொழும்பில் இந்தத் தொழிலுக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் பெரும் பங்கு, தெமட்டகொடையைத் தாண்டினால் வரும் மருதானையில் நடந்தது.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பனிகள் கப்பலேறி இங்கே வந்தன. அவர்களோடு வந்தது நடிகர்கள் மட்டுமல்ல. சுருட்டி வைத்த படுதாக்கள், பக்கத் தட்டிகள், கப்பிகள், கயிறுகள், தச்சர்கள், வர்ணம் பூசுபவர்கள் எல்லாம் சேர்ந்துதான் ஒரு கம்பனி. அரண்மனை வேண்டுமா, ஒரு படுதா இறங்கும். காடு வேண்டுமா, அது ஏறி இன்னொன்று இறங்கும். தரையில் ஒரு பொறிக்கதவு திறந்தால் ஜின் வெளியே வரும். லக்னோவில் ஆகா ஹஸன் அமானத் என்ற உருதுக் கவிஞர் எழுதிய 'இந்திர சபா' இந்தக் கம்பனிகளின் பெரிய சொத்து. தேவலோகம், பரி, தேவ் என்று கண்ணைப் பறிக்கும் கதை. அந்தக் கண்கட்டு வித்தையை எல்லாம் கயிற்றைப் பிடித்தவர்கள்தான் செய்தார்கள்.

சிங்களத்தில் 'நூர்தி' என்ற நாடக வகை பிறந்தது இந்தப் பார்சி மேடையைப் பார்த்துத்தான். சி. டொன் பஸ்தியன், ஜோன் டி சில்வா, சார்ள்ஸ் டயஸ் ஆகியோர் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. ஜோன் டி சில்வாவுக்கு மெட்டமைத்துக் கொடுக்க இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லவ்ஜி வந்தார் என்பதும் இருக்கிறது. 1911 டிசம்பரில் மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டது. முதல் நாடகம் சார்ள்ஸ் டயஸின் 'பண்டுகாபய'. அன்று மேலே நின்று படுதா இழுத்தவர் யார் என்று தேடினால் கையில் ஒன்றும் அகப்படாது. எழுதியவரும் பாடியவரும் பதிவானார்கள், ஏணியில் நின்றவர்கள் பதிவாகவில்லை. 1892இல் தொடங்கிய ஸாஹிராக் கல்லூரியும் அதே மருதானையில்தான். ஆகவே அந்த மண்டபத்தின் மணிச்சத்தம் நம் மூத்தவாப்பாமார் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது என்றே நாம் நினைக்கிறோம்.

தமிழ்ப் பக்கத்திலும் இதே கதைதான். தமிழ்நாட்டுக் கம்பனிகள் கொழும்புக்கு வந்து போயின. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1926இல் ஒரே மேடையில் சேர்ந்தது கொழும்பில் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். கிட்டப்பா அதற்கு முன் நடித்தது சி. கன்னையாவின் கம்பனியில். கன்னையாவின் 'தசாவதாரம்' பாட்டுக்கு எவ்வளவு பெயர் பெற்றதோ, அவ்வளவு பெயர் அதன் காட்சி ஜோடனைக்கும் இருந்தது. பிறகு நவாப் ராஜமாணிக்கம், அதற்குப் பிறகு ஆர். எஸ். மனோகர் என்று தந்திரக் காட்சி மரபு நீண்டது. மனோகரின் 'இலங்கேஸ்வரன்' நாடகத்தை வசனத்துக்காகப் பார்த்தவர்களைவிட மேடையில் நடக்கும் அதிசயத்துக்காகப் பார்த்தவர்கள் அதிகமாக இருந்தால் ஆச்சரியமில்லை.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். இதில்தான் உயிர் சம்பந்தப்பட்ட விடயம் இருக்கிறது.

மேடை வெளிச்சம் நெடுங்காலம் நெருப்பாகவே இருந்தது. மெழுகுதிரி, எண்ணெய், பிறகு காஸ். நம் கூத்துக் களரிகளில் தீப்பந்தம், பின்னர் பெற்றோமக்ஸ். படுதா துணி, தட்டி மரம், பக்கத்தில் நெருப்பு. 1881 டிசம்பர் 8ஆம் திகதி வியன்னாவின் ரிங் தியேட்டரில் காஸ் விளக்கிலிருந்து பிடித்த தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். இருபது நாள் கழித்து, அதே டிசம்பர் 28ஆம் திகதி, லண்டன் சவோய் தியேட்டரின் மேடை முழுக்க மின்சாரத்தில் எரிந்தது. முழுக் கட்டடத்துக்கும் சுமார் 1,200 மின்குமிழ்கள். சனத்துக்குப் பயம் போகவில்லை. அதனால் உரிமையாளர் டொய்லி கார்ட் மேடைக்கு வந்து, எரிந்துகொண்டிருந்த ஒரு குமிழை மெல்லிய மஸ்லின் துணியால் சுற்றி உடைத்துக் காட்டினார். துணி கருகவில்லை. சனம் கைதட்டியது.

மின்சாரம் வந்ததால் ஆபத்து போய்விட்டதா என்றால் இல்லை. 1903 டிசம்பர் 30ஆம் திகதி சிக்காகோவின் இராக்குவா தியேட்டரில் ஓர் ஆர்க் விளக்கின் பொறி பட்டுத் திரை பற்றியது. நெருப்பைத் தடுக்க வேண்டிய பாதுகாப்புத் திரை பாதி இறங்கிச் சிக்கிக்கொண்டது. 602 பேர் மரணம். திறந்து ஆறு கிழமைகூட ஆகாத புத்தம் புதிய மண்டபம் அது. இன்று பல நாடுகளில் மண்டபக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வெளியேறும் வழிக்கு விளக்கு இருக்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் இருக்கிறதே, அதில் அந்தச் சிக்காகோ ஜனாஸாக்களின் பங்கு பெரியது.

கொழும்புக்கு மின்சாரம் வந்தது 1895இல், பௌஸ்டட் பிரதர்ஸ் கம்பனி மூலம். 1899இல் அதே கம்பனியின் டிராம் ஓடியது. ஆனால் ஊருக்குப் போதுமான மின்சாரம் கிடைக்க 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லக்ஷபான நீர்மின் நிலையம் அந்த வருடம் இயங்கத் தொடங்கியபோது, மலையிலிருந்து வந்த மின்கம்பி கொழும்புக்காக இறங்கிய இடம் நம் கொலன்னாவை. எண்ணெய்த் தாங்கி, வெள்ளம், குப்பைமேடு என்றுதான் ஊர்ப் பெயரைப் பத்திரிகையில் போடுகிறார்கள். கொழும்பு மேடைகளின் வெளிச்சம் இந்த ஊர் வழியாகப் போனது என்பதையும் ஒருநாள் போட்டால் நன்றாயிருக்கும்.

மூன்று வருடம் கழித்து, 1953 டிசம்பரில், கொழும்பு 7இல் லயனல் வென்ட் அரங்கு திறக்கப்பட்டது. அதே 1953இல் இங்கிலாந்தின் ஸ்ட்ராண்ட் கம்பனி 'பெட்டர்ன் 23' என்ற சிறிய ஸ்பொட் விளக்கைச் சந்தைக்கு விட்டது. ஒருவர் கையில் தூக்கக்கூடிய, வாங்கக்கூடிய விலையுள்ள ஸ்பொட் விளக்கு அது. பாடசாலை, கழகம் என்று எல்லா இடத்துக்கும் பரவியது. பெரிய கம்பனி இல்லாமலும் மேடையில் ஒரு முகத்தை மட்டும் தனியாகக் காட்டலாம் என்ற நிலை வந்தது.

1956 நவம்பர் 3ஆம் திகதி எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' வென்ட் அரங்கில் ஏறியது. அரண்மனைப் படுதா இல்லை, காட்டுப் படுதா இல்லை. வெறும் மேடை, பக்கத்தில் பாடகர் குழு. தமிழில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', பிறகு 'இராவணேசன்' என்று வட்டக்களரிக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். களரியில் நான்கு பக்கமும் சனம் இருக்கும், வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும் சரி. படச்சட்ட மேடையில் அப்படியல்ல. முன்னால் மட்டும் லைட் போட்டால் ஆட்டக்காரர் தட்டையாகத் தெரிவார், பக்கத்திலிருந்து போட்டால்தான் தாளக்கட்டுக்கு வைக்கும் கால் தெரியும். எமது பார்வையில் கொழும்பு மேடையின் பெரிய மாற்றம் இதுதான்: படுதா போனதும், படுதாக்காரர் செய்த வேலை முழுவதும் லைட்காரரின் தலையில் விழுந்தது. காலையும் மாலையும், கோபமும் தனிமையும் இனி அவர்தான் காட்ட வேண்டும்.

அதற்கு அவர் கையில் என்ன இருந்தது? பணமுள்ள மண்டபத்தில் கம்பிச்சுருள் டிம்மர். பணமில்லாத குழுக்களுக்கு, நம் பிராந்தியம் முழுக்க, உப்புத்தண்ணீர் டிம்மர். ஒரு மண்குழாயில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் உப்புப் போடுவார்கள். அடியில் ஒரு உலோகத் தகடு, மேலே கயிற்றில் கட்டிய இன்னொரு தகடு. மேல்தகடு கீழே இறங்க இறங்க மின்சாரம் கூடுதலாகப் பாயும், விளக்கு பிரகாசிக்கும். தூக்கினால் மங்கும். அவ்வளவுதான் விஞ்ஞானம். உப்புக் கூடினால் வெளிச்சம் திடீரென்று குதிக்கும், நாடகம் நீண்டால் தண்ணீர் கொதிக்கும், ஈரக்கையோடு தொட்டால் ஆள் மிஞ்சமாட்டார். கல்கத்தாவில் தபஸ் சென் இப்படி எளிய சாமான்களை வைத்தே 1959இல் 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதைக் காட்டினார், 'சேது'வில் ரயில் வருவதைக் காட்டினார். மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை, ரயிலும் இல்லை. இந்தியாவில் லைட்காரர் ஒருவரின் பெயர் சுவரொட்டி அளவுக்கு வளர்ந்தது அவரால்தான்.

1960களில் தைரிஸ்டர் வந்து டிம்மரை ஒரு பெட்டிக்குள் அடக்கியது. 1986இல் டீ.எம்.எக்ஸ். 512 என்ற ஒழுங்கு வந்தபின் ஒரே மெல்லிய வயரில் 512 கட்டளை வழிகள். இப்போது எல்.ஈ.டி., தலை சுழலும் லைட். 2011 டிசம்பரில் திறந்த தாமரைத் தடாக அரங்கில் பெரிய ஏற்பாடுகள் எல்லாம் உண்டு. அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்ததுதான்.

பார்க்காத இடம் நம் பாடசாலை மண்டபம். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஒரு நாடகம் போடுகிறோம். ஆயிரம் வொட் பார் விளக்கு ஒன்று 230 வோல்டில் நாலரை அம்பியர் வரை இழுக்கும். 13 அம்பியர் பிளக் ஒன்றில் மூன்றை மாட்டினாலே எல்லை வந்துவிடும். மல்டி பிளக் போட்டு ஐந்தை மாட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு, சுவரில் கருகிய அடையாளங்கள் சாட்சி. ட்ரஸ்ஸில் விளக்குத் தொங்கவிடும் பொடியனுக்குப் பதினாறு வயது, காலில் பாட்டா செருப்பு, விளக்குக்குப் பாதுகாப்புச் சங்கிலி இல்லை. 1903 சிக்காகோவை நாம் சும்மா எழுதவில்லை.

இந்த வேலை எப்போதும் பாஸ்மாரிடம் நின்று பழகிய வேலை. முதல் வருடம் வயர் சுருட்டத்தான் விடுவார்கள். முழங்கையில் முறுக்கிச் சுற்றினால் உள்ளே கம்பி உடையும், ஒரு வளையம் நேராக, ஒரு வளையம் புரட்டி என்று சுருட்ட வேண்டும். அதுவே ஒரு பாடம். பிறகு ஏணி, பிறகு விளக்கைத் திருப்பிக் குறி வைப்பது, கடைசியில்தான் டெஸ்க். நல்ல முறைதான். ஆனால் பாஸ் எதை விட்டுவிட்டாரோ, அதைச் சீடனும் விட்டுவிடுவான். பெரும்பாலும் விடுபட்டது எர்த் வயர்.

ஆகவே இந்த வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகளிடம் நாம் சொல்வது இது. முதலில் மின்னியலாளர் என்.வி.கியூ. மூன்றோ நான்கோ முடியுங்கள், அரசாங்கப் பயிற்சி நிலையங்களில் அதற்கு வழி இருக்கிறது. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்தால் மேடை அமைப்பு, ஒளி, ஒலி எல்லாம் தமிழிலேயே படிக்கலாம். கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் கொழும்பிலேயே இருக்கிறது. வேலைக்குச் சேரும் இடத்தில் பிரேக்கர் எங்கே என்று முதல் நாளே கேளுங்கள். கேட்டதற்கு ஏசினால் அந்த இடம் வேண்டாம். உம்மாமாருக்கு ஒரு வார்த்தை: லைட் கட்டத் தெரிந்தவன் நாடகம் இல்லாத நாளிலும் சும்மா இருக்கமாட்டான். மாநாடும் கல்யாணமும் எந்த மாதத்தில் இல்லை?

இன்னொரு வேண்டுகோள். கொலன்னாவை, வெல்லம்பிட்டி, தெமட்டகொடைப் பக்கத்து வீடுகளில் யாருடைய வாப்பாவோ மூத்தவாப்பாவோ மருதானை மேடைகளில், வென்ட்டில், பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மண்டபங்களில் தச்சராக, படுதாக்காரராக, லைட்காரராக நின்றிருந்தால் எமக்குச் சொல்லுங்கள். பழைய நோட்டீஸ், போட்டோ, கூலி எழுதிய கொப்பி எதுவானாலும் பரவாயில்லை. பாடசாலை விடும் நேரத்தில் வந்தால் பார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தருகிறோம்.