கடுக்காய்

கடுக்காய் என்பது கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இந்தியாவின் பிற இலையுதிர் காடுகளிலும் வளரும் ஒரு மரத்தின் காய்க்கும், அக்காயிலிருந்து கிடைக்கும் மருந்துக்கும் சாயச் சரக்குக்கும், பேச்சு வழக்கில் ஏமாற்றித் தப்புவதற்கும் வழங்கும் சொல்லாகும். தாவரவியலார் இம்மரத்தை டெர்மினாலியா செபுலா என்பர். இப்பெயரின் பிற்பகுதி காபூல் நகரின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே உயரும் கல்வராயன் மலையில் கடுக்காயும் புளி, தேன் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் சிறு வனப்பொருள்.

சொல்லும் பொருளும்: ‘கடு’ என்னும் சொல்லுக்குக் கடுமை, கசப்பு, நஞ்சு எனப் பல பொருள்கள் உண்டு; இவற்றுள் எது காய்க்குப் பெயர் தந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை எனினும், நாவைச் சுருக்கும் அதன் சுவையே காரணம் எனல் பொருந்தும். வடமொழியில் அரீதகி எனவும், பாரசீகத்தில் ஹலீலா எனவும் இது வழங்கும். மலையாளத்தில் ‘கடுக்க’ என்னும் ஒரே சொல் இக்காயையும், கடற்பாறையில் ஒட்டி வாழும் ஒருவகைச் சிப்பியையும் குறிக்கிறது. ஐரோப்பியர் கடுக்காய்க்கு வழங்கிய மைரோபலான் என்னும் பெயர் கிரேக்க மொழியில் நறுமண எண்ணெய் தரும் வேறொரு கொட்டைக்கு உரியதாக இருந்து, பின்னர் அரபு மருத்துவ நூல்கள் வழியாகக் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் ஆகியவற்றுக்குப் பொதுப்பெயராகி, இறுதியில் கடுக்காயோடு உறவே இல்லாத ஒருவகைப் பிளம் பழத்தையும் சென்றடைந்தது. கடுக்காய்ப்பூ எனச் சந்தையில் விற்கப்பட்டதும் பூவன்று; பூச்சி துளைத்த இளந்தளிர் வீங்கி உருவாகும் புடைப்பே அது.

‘கடுக்காய் கொடுத்தல்’ என்னும் மரபுத்தொடர் ஒருவரை ஏமாற்றி நழுவுவதைக் குறிக்கும். காவலர்களுக்குக் கடுக்காய் கொடுத்துவிட்டுத் திருடன் தப்பினான் என நாளிதழ்கள் எழுதுவது இன்றும் வழக்கம். இதன் தோற்றம் தெளிவாகவில்லை. பேதிக்குக் கொடுத்து ஆளை அப்புறப்படுத்துவதிலிருந்து பிறந்திருக்கலாம்; விலை மிகுந்த சாதிக்காய்க்கு மாற்றாக இதைத் தள்ளிவிட்டதிலிருந்தும் வந்திருக்கலாம்.

மருத்துவம்: திரிபலை எனப்படும் மூன்று காய்களுள் கடுக்காய் ஒன்று. அறுசுவைகளுள் உப்பு நீங்கலான ஐந்தும் இதற்கு உண்டு என மருத்துவ நூல்கள் கூறும். சித்த மருத்துவர் கொட்டையை நீக்கித் தோலை மட்டுமே கொள்வர். உள்ளிருக்கும் கொட்டை நஞ்சு எனவும், சுக்குக்கோ மேல்தோலே நஞ்சு எனவும் சொல்லும் வழக்கு நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் உண்டு. முற்றாமல் உதிர்ந்து கறுத்துச் சுருங்கிய பிஞ்சு, மலச்சிக்கலுக்குத் தனி மருந்தாகும். சீனத்துக் கிழங்கான ரேவல்சின்னியைப் போலவே, கடுக்காயும் மலத்தை இளக்குவதோடு துவர்ப்பால் குடலைக் கட்டவும் செய்யும் மருந்தாக அரபு மருத்துவரிடம் மதிப்புப் பெற்று மேற்கே சென்றது. திபெத்திய மருத்துவ புத்தர் உருவங்கள் சிலவற்றின் கையில் காணப்படுவதும் இக்காய்தான்.

தொழிற்பயன்கள்: கடுக்காயின் தொழிற்பயன்கள் பெரும்பாலும் டானின் என்னும் ஒரே துவர்ப்புப் பொருளால் விளைபவை. கடுக்காய் ஊறிய நீரில் இரும்பின் உப்பான அன்னபேதியைச் சேர்த்தால் வெளிறிய பழுப்பு நீர் கண்முன்னே கறுத்து மையாகிவிடும். தொட்டெழுதும் பேனாக் காலம் வரை இது வீட்டிலேயே செய்யக்கூடிய மையாக இருந்தது. சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்க்கும் கொத்தனார் வழக்கம், பழங்கோயில்களைப் புதுப்பிக்கும் பணிகளில் இன்றும் பின்பற்றப்படுகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்திலிருந்து இப்பயன்கள் பற்றிய குறிப்புகள் பெருகுகின்றன. 1795 முதல் வெளிவந்த சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூல் வரிசையில் வில்லியம் ராக்ஸ்பரோ, சீட்டித் துணிக்கு நிறம் தீட்டுவோர் தம் மஞ்சள் நிறத்தைக் கடுக்காய்ப்பூவிலிருந்து பெற்றதைப் பதிவு செய்தார். கலம்காரித் துணியை வரைவதற்கு முன் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர்; காயின் துவர்ப்பு சாயத்தைப் பற்றிக்கொள்ள, பாலின் கொழுப்பு கோடு பரவாமல் காக்கும். 19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடுதல் பெருகியபோது, ஆவாரம்பட்டையில் ஊறிய தோலுக்கு வெளிர்நிறப் பொலிவு தரக் கடுக்காய் நீர் வேண்டியிருந்தது. ஏற்றுமதி வணிகர் காயை, அது திரட்டப்பட்ட இடத்தையும் ஏற்றப்பட்ட துறையையும் கொண்டு ஜபல்பூர், பீமிலி, வெங்குர்லா, சென்னைக் கரை எனத் தரம் பிரித்தனர். மலைகளின் பெயர்கள் இப்பட்டியலில் ஊர், துறைமுகப் பெயர்களுக்குள் மறைந்துபோயின. 20ஆம் நூற்றாண்டில் குரோமியப் பதனிடுதல் பரவ, கடுக்காயின் இடம் சுருங்கியது.

கல்வராயன் மலையில்: சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களாக (மானிய நிலப் பகுதிகளாக) இருந்த இம்மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர்; ஜாகீர் முறை 1976இல் நீங்கியது. கோடைத் தொடக்கத்தில் தளிரோடு பூக்கும் கடுக்காய் மரம் மார்கழி முதல் மாசி வரையான காலத்தில் காயை முதிர்விக்கும். பச்சையாய் இருக்கும் காய் முதிர்ந்து மஞ்சள் கலந்த பழுப்பாக மாறும். வெயிலில் காய்ந்தபின் அதன் ஐந்து வரிகளும் விரலில் நெருடும் விளிம்புகளாக எழும். கல்லின் மேல் வைத்துத் தட்டினால் தோல் சில்லுகளாகப் பிரிந்து கொட்டை தனியே உருளும். இந்தத் தோலே கடைகளில் எடை போடப்படுவது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களின் மீது பழங்குடியினருக்கு உரிமை அளித்தது. சிறு வனப்பொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை வழங்க மைய அரசு 2013-14இல் தொடங்கிய திட்டத்தின் முதற்பட்டியலில் கடுக்காயும் இடம்பெற்றது.