கைமாறிப் போகும் முகவரி

ஒரு பென்டிரைவைச் செருகி, கணினியை அதிலிருந்து இயக்கினால் போதும். அணைக்கும்வரை அந்தக் கணினி இணையத்துக்கு அனுப்புவதெல்லாம் டோர் வலைப்பின்னல் வழியாகத்தான் போகும். வேறு வழியில் நழுவப் பார்க்கும் எதுவும் உள்ளேயே தடுக்கப்படும். டெயில்ஸ் என்ற இந்த இயங்குதளத்தைப் பத்திரிகையாளர்கள் பலர் அறிவார்கள். ஃபோனில் ஆர்பாட் செயலியைப் போட்டுக்கொண்டு இதையே செய்கிறவர்களும் உண்டு. இன்று ஒரு பொத்தானில் அடங்கிவிட்ட இந்த ஏற்பாடு உருவான கதையில் ஓர் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடமும், ஃபின்லாந்துக் காவல்துறையும், இந்தியத் தூதரகங்களின் கடவுச்சொற்களும் வருகின்றன.

கதை தபாலில் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டு வியன்னாவில், தூதரகங்களுக்கு வரும் தபால் பைகள் முதலில் ஒரு ரகசிய அரசு அலுவலகத்துக்குப் போகும். அங்கே முத்திரை அரக்கை இளக்கிக் கடிதத்தைப் பிரிப்பார்கள், நகலெடுப்பார்கள், பிரித்த சுவடு தெரியாமல் மறுபடி ஒட்டி அன்று காலையே உரியவரிடம் சேர்த்துவிடுவார்கள். தூதர்கள் சங்கேத எழுத்துக்கு மாறினார்கள். உள்ளே இருந்த சேதியை அது ஓரளவு காத்தது. ஆனால் உறையின் மேலிருந்த பெயரைக் காக்க வழியில்லை. தபால்காரர் படித்தாக வேண்டிய முகவரியை எப்படிப் பூட்டுவது?

அந்த மேல்விலாசத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் போர்கள் காட்டின. 1939இல் பிரிட்டனின் சங்கேத முறிப்பு மையமான பிளெட்ச்லி பார்க்குக்கு வந்த கணித அறிஞர் கோர்டன் வெல்ச்மனுக்கு முதலில் தரப்பட்ட வேலை, ஜெர்மன் வானொலிச் செய்திகளைப் படிப்பது அன்று. அவற்றின் அழைப்புக் குறிகளை ஆராய்வதுதான். எந்த நிலையம் எதனோடு, எப்போது, எவ்வளவு நேரம் பேசுகிறது என்று பார்த்தாலே படையின் அமைப்பு துலங்கத் தொடங்கிற்று. இணையம் வந்தபின் இந்த வேலை இன்னும் சுலபமாயிற்று. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் தலையிலும் அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவரின் ஐபி முகவரியும் எழுதியிருக்கிறது.

முகவரியை மறைப்பது எப்படி என்ற கேள்விக்கு முதலில் விடை சொன்னவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்த டேவிட் சாம். 1981இல் வெளிவந்த அவரது கட்டுரையின் யோசனை உறைக்குள் உறை. கடிதத்தை ஓர் உறையிலிட்டு, அதை இன்னோர் உறையிலும், அதை மற்றோர் உறையிலும் இட வேண்டும். ஒவ்வோர் உறையையும் ஒரு குறிப்பிட்ட கணினி மட்டுமே பிரிக்க முடியும். பிரித்தால் அடுத்து யாரிடம் கொடுப்பது என்பது மட்டும் தெரியும். முதல் கணினிக்கு அனுப்பியவரைத் தெரியும், சேருமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குச் சேருமிடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. ஒருவருக்குத் தெரியாததை அவரை எவ்வளவு மிரட்டினாலும் வாங்க முடியாது என்பதுதான் இதன் உயிர்நாடி.

அதற்கு நேர் எதிரான ஒன்று ஃபின்லாந்தில் முளைத்தது. 1993இல் யோஹான் ஹெல்சிங்கியஸ் என்ற கணினி நிபுணர், யார் கடிதம் அனுப்பினாலும் அனுப்பியவரின் பெயரை நீக்கிவிட்டு மறு அஞ்சல் செய்யும் சர்வர் ஒன்றை நடத்தத் தொடங்கினார். லட்சக்கணக்கானவர்கள் அதை நம்பினார்கள். கட்டணம் கிடையாது. பதில் கடிதமும் வந்து சேரும். பதில் திரும்பி வர முடிந்ததற்குக் காரணம், எந்தப் புனைபெயர் யாருடையது என்ற அட்டவணை அந்த ஒரே கணினியில் இருந்ததுதான். 1995இல் சயின்டாலஜி சபை, தன் ஆவணம் ஒன்று இந்த வழியாகக் கசிந்ததென்று புகார் செய்ய, ஃபின்லாந்துக் காவல்துறை நீதிமன்ற ஆணையோடு வந்தது. ஹெல்சிங்கியஸ் ஒரு முகவரியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டே சேவையை மூடிவிட்டார். அவருடைய நேர்மையில் ஒரு குறையும் இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஏறத்தாழ அதே சமயத்தில் வாஷிங்டனின் கடற்படை ஆய்வுக்கூடத்தில் டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் மூவரும் சாமின் யோசனையை வேகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சாமின் முறையில் கடிதங்களைச் சேர்த்து வைத்துக் குலுக்கி அனுப்ப வேண்டும். மின்னஞ்சலுக்குச் சரி, வலைப்பக்கத்துக்கு ஆகாது. இவர்கள் முன்கூட்டியே ஒரு பாதையை அமைத்துக்கொண்டு, அடுக்கடுக்காகப் பூட்டிய தரவை அதில் உடனுக்குடன் ஓடவிட்டார்கள். ஆனியன் ரூட்டிங் என்று பெயர் வைத்தார்கள். முதல் மாதிரியில் தரவைக் கைமாற்றும் நிலையங்கள் ஐந்து இருந்தன, ஐந்தும் ஒரே கணினிக்குள். 1996இல் கேம்பிரிட்ஜில் நடந்த கருத்தரங்கில் கட்டுரையும் வாசித்தார்கள்.

ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்று தன் ரகசியக் கருவியை ஏன் ஊரறியச் சொல்ல வேண்டும்? கடற்படை மட்டும் இதைப் பயன்படுத்தினால், இதன் வழியாக வரும் ஒவ்வொருவரும் கடற்படைக்காரர் என்பது வெட்டவெளிச்சம். மாணவர், நோயாளி, வியாபாரி, எதிரி நாட்டவர் என்று எல்லோரும் கலந்திருந்தால்தான் ஒருவரைப் பிரித்தறிய முடியாது. இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். தன் ஆளைக் காக்க வேண்டுமானால் முன்பின் தெரியாத எல்லோரையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஒரு கடற்படையைக் கணக்கு கொண்டுபோய் நிறுத்தியது.

வியாபாரிகளும் வந்தார்கள். கனடாவின் மாண்ட்ரியலில் ஒரு நிறுவனம் 1999இல் ஃப்ரீடம் என்ற பெயரில் இதே சரக்கைக் கட்டணத்துக்கு விற்றது. செலவுக்கு ஏற்ற வாடிக்கையாளர்கள் சேரவில்லை. 2001இல் சேவை நின்றது. கூட்டம் சேர்ந்தால்தான் பாதுகாப்பு என்ற பண்டத்துக்குக் கட்டணம் வைத்தால் கூட்டம் எங்கிருந்து வரும்? அடுத்த ஆண்டு எம்ஐடியில் படித்த ரோஜர் டிங்கிள்டைனும் நிக் மாத்யூசனும் சைவர்சனோடு சேர்ந்து, ஆனியன் ரூட்டிங்கில் இயங்கும் டோரை வெளியிட்டபோது, நிரல் எல்லோருக்கும் இலவசம். 2003 இறுதியில் தன்னார்வலர்கள் நடத்திய நிலையங்கள் ஒரு டஜன்தான். இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அப்போதும் கணினியின் எல்லாப் போக்குவரத்தும் அதில் போகவில்லை. 9050 என்ற போர்ட்டில் டோர் காத்திருக்கும். எந்த மென்பொருளை அங்கே திருப்பிவிடுகிறோமோ அது மட்டும் பாதுகாப்பாகப் போகும். பிரவுசரைத் திருப்பிவிட்டாலும், தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வியைப் பல பிரவுசர்கள் நேராக இணைய சேவை நிறுவனத்திடமே கேட்டுவிடும். பக்கத்தில் என்ன படித்தோம் என்பது மறைந்திருக்கும். எந்தத் தளத்துக்குப் போனோம் என்பது பகிரங்கம். இதற்கு மருந்தாக 2006இல் அனானிம் ஓஎஸ் என்ற சிடி வந்தது. கணினியை அதிலிருந்து இயக்கினால் எல்லாம் டோர் வழி. இன்காக்னிட்டோ என்ற இன்னொரு சிடியின் வாரிசாக 2009இல் டெயில்ஸ் பிறந்தது.

எல்லாவற்றையும் டோரில் செலுத்திவிட்டால் கவலை தீர்ந்ததா? 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த டான் ஏகர்ஸ்டாட் ஐந்து வெளியேறு நிலையங்களை நடத்தினார். கடைசி உறையைப் பிரிப்பது அந்த நிலையம். மின்னஞ்சல் தனியாகப் பூட்டப்படவில்லை என்றால் கடவுச்சொல் அங்கே கண்ணுக்குத் தெரியும். அவர் வெளியிட்ட நூறு கணக்குகளின் பட்டியலில் இந்திய, ஈரானியத் தூதரகங்கள் இருந்தன. அவற்றை டோர் வழியாகத் திறந்தது தூதரக ஊழியர்களாக இருக்காது, ஏற்கெனவே கடவுச்சொல்லைத் திருடியிருந்த ஒற்றர்களாக இருக்கலாம் என்று அவர் பின்னால் கருதினார். அனுப்பியவரை மறைக்கும் கருவி, அனுப்பியதையும் மறைத்துவிடும் என்று நம்பியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

2011இல் பிரான்ஸின் இன்ரியா ஆய்வாளர்கள் இன்னொரு ஓட்டையைக் காட்டினார்கள். டோரண்ட் மென்பொருள் தன் உண்மையான ஐபி முகவரியைத் தானே சேதிக்குள் எழுதி அனுப்பிவிடுகிறது. அதை எவ்வளவு உறைகளில் இட்டாலும் கடைசியில் பிரிக்கும்போது முகவரி உள்ளே இருக்கும். 23 நாட்களில் பத்தாயிரம் பேரின் முகவரிகள் இப்படிக் கிடைத்தன. 2013இல் அமெரிக்காவின் எஃப்பிஐ, குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமையின் படங்கள் இருந்த தளங்களைப் பிடித்தபோது, டோர் பிரவுசரின் பழைய பதிப்பிலிருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தியது. விண்டோஸ் கணினிகளில் புகுந்த அந்தச் சிறு நிரல் டோரைத் தொடவே இல்லை. வெளியே நேர்வழியில் ஒரு சேதி அனுப்பி முகவரியைச் சொல்லிவிட்டது.

இந்த இரண்டுக்கும் பொருந்தும் விடை 2012இல் தொடங்கிய ஹூனிக்ஸில் இருக்கிறது. ஒரு கணினிக்குள் இரண்டு மெய்நிகர் கணினிகள். ஒன்று வாசல், மற்றது வேலை செய்யும் அறை. டோர் வாசலில் மட்டும் ஓடும். அறைக்கு வாசலைத் தவிர வேறு கதவு கிடையாது. அதன் முகவரி 10.152.152.11, வாசலின் முகவரி 10.152.152.10. உலகில் யார் நிறுவினாலும் இயல்பாக இதே எண்கள்தான். அறைக்குள் ஒரு வைரஸே புகுந்து முழு அதிகாரத்தோடு "என் ஐபி என்ன?" என்று கேட்டாலும், கிடைக்கும் பதில் எல்லோருக்கும் பொதுவான அந்த எண்தான். சாம் இடைத்தரகர்களிடமிருந்து மறைத்ததை, ஹூனிக்ஸ் பயன்படுத்துகிறவரின் கணினியிடமிருந்தே மறைத்தது.

நல்ல சரக்குக்குப் போலிகளும் வரும். 2014இல் அனானபாக்ஸ் என்ற சிறு ரவுட்டர், மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 7,500 டாலர் கேட்டு வந்தது; செருகினால் வீட்டுப் போக்குவரத்து முழுவதும் டோரில் போகும் என்றார்கள். சில நாட்களில் ஏறத்தாழ ஆறு லட்சம் டாலர் குவிந்தது. தாங்களே வடிவமைத்ததாகச் சொன்ன பலகை, சீனாவில் ஏற்கெனவே கடைச்சரக்காக விற்ற ரவுட்டர் என்பதை இணையவாசிகள் கண்டுபிடித்தார்கள். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே கடவுச்சொல் வேறு. கிக்ஸ்டார்ட்டர் திட்டத்தை நிறுத்தியது.

கடற்படை போட்ட கணக்கும் பொய்க்கவில்லை. 2013 டிசம்பரில் ஹார்வர்டு மாணவர் ஒருவர் டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். டோரின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. பல்கலைக்கழக வைஃபையில் அந்த நேரத்தில் டோரைப் பயன்படுத்தியவர்கள் யார் என்று பார்த்தார்கள். மறைந்துகொள்ள அங்கே கூட்டம் இல்லை, ஆள் அகப்பட்டார். டெயில்ஸும் அசைக்க முடியாதது என்று சொல்வதற்கில்லை. சிறுமிகளை மிரட்டிவந்த ஒருவரை 2017இல் பிடிக்க, ஃபேஸ்புக் நிறுவனம் பணம் கொடுத்துத் தயாரிக்கச் செய்த கருவி டெயில்ஸின் வீடியோ பிளேயரிலிருந்த பிழையில் நுழைந்தது. அப்படிப்பட்டவர் பிடிபட்டதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் அதே பிழை ஒரு பத்திரிகையாளரின் கணினியிலும் இருந்திருக்கும். அதுவும் நினைவில் இருக்க வேண்டும்.

2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் இலங்கையில் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டபோது மக்கள் நாடியது பெரும்பாலும் விபிஎன். அதுவும் கணினியின் எல்லாப் போக்குவரத்தையும் வேறு வழியில் திருப்புகிறது. தடையைத் தாண்ட அது போதும். ஆனால் அங்கே கைமாற்றம் ஒன்றே ஒன்று. வருகிறவரும் போகுமிடமும் ஒரே நிறுவனத்துக்குத் தெரியும், ஹெல்சிங்கியஸின் கணினிக்குத் தெரிந்ததைப் போல. 2022 ஏப்ரலில் இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரியை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. எக்ஸ்பிரஸ் விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டு விபிஎன் ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அகற்றிக்கொண்டன.

2024 செப்டம்பரில் டெயில்ஸ் டோர் அமைப்போடு இணைந்தது. பிரவுசரைச் செய்கிறவர்களும் முழுக் கணினியையும் அடைக்கிறவர்களும் இப்போது ஒரே குடும்பம். ஒரு குறை இன்னும் பாக்கி. டோர் சுமப்பது டிசிபி என்ற முறையில் செல்லும் போக்குவரத்தை மட்டும். நேரடிக் குரல், வீடியோ அழைப்புகள் பெரும்பாலும் யுடிபி என்ற வேறொரு முறையில் ஓடுகின்றன. அதனால் டெயில்ஸில் அமர்ந்து அப்படி ஓர் அழைப்பு போட்டால், அது தடுப்பில் முட்டி நின்றுவிடும். டோரை ரஸ்ட் மொழியில் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். யுடிபியையும் ஏற்றிக்கொள்வதற்கான ஒரு முன்மொழிவை எழுதியும் வைத்திருக்கிறார்கள்.