கவிதையைக் காதால் வாசித்தல்

நவீன கவிதை விளங்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அதை ஒரு முறையாவது வாய்விட்டு வாசித்தீர்களா?" பலர் சிரிப்பார்கள். செய்யுளைத்தானே வாய்விட்டுப் படிப்பது, புதுக்கவிதை கண்ணால் வாசிப்பதற்கல்லவா என்பார்கள். எழுபதுகளின் இறுதியில் எழுதத் தொடங்கி இன்றும் எழுதிக்கொண்டிருப்பவன் என்ற வகையில் இக்கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஈழத்து நவீன கவிதையின் வரலாறே இதற்கு மறுப்பாக இருக்கிறது.

இங்கே நவீன கவிதை யாப்பை உதறிக்கொண்டு பிறக்கவில்லை. யாப்புக்குள் பேச்சைக் கொண்டுவந்தே அது பிறந்தது. அந்த முயற்சியின் நடுநாயகமாக விளங்கியவர் மஹாகவி. அளவெட்டியில் 1927ஆம் ஆண்டு பிறந்த து. உருத்திரமூர்த்தியே இப்புனைபெயரில் எழுதினார். 1955இல் வரதரோடு சேர்ந்து 'தேன்மொழி' என்ற கவிதை ஏட்டை நடத்தினார். அதே ஆண்டில் அவரது 'வள்ளி' வெளிவந்தது. 1971இல் தமது நாற்பத்து நான்காவது வயதில் காலமானார்.

மஹாகவி செய்த காரியம் பார்வைக்கு மிகச் சிறியது. யாப்பமைதி குன்றாமல் எழுதினார். ஆனால் அடிகளை யாப்புப் பிரிக்கும் இடத்தில் முறிக்காமல், பேசுகிறவன் நிறுத்தும் இடத்தில் முறித்து அச்சிட்டார். இதனால் என்ன நேர்கிறது என்பதைக் காட்ட நானே கட்டிய ஓர் அடியைத் தருகிறேன்.

காலை எழுந்தேன் கடலோரம் யாருமில்லை

தளை தட்டாத வெண்பா அடி இது. நான்கு சீர், முதற்சீருக்கும் மூன்றாஞ்சீருக்கும் மோனை. பாடசாலையில் பழகிய பழக்கத்தில் இதை இழுத்துப் பாடிவிடுவோம். பாடியதும் ஓசை நிற்கும், செய்தி போய்விடும். இனி இப்படிப் பாருங்கள்:

காலை எழுந்தேன்.
கடலோரம்
யாருமில்லை.

ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் 'கடலோரம்' என்றதும் மூச்சு நிற்கிறது. அந்த நிறுத்தத்தில் கேட்பவன் யாரையோ எதிர்பார்க்கிறான். 'யாருமில்லை' என்ற சொல் வந்து அவனுடைய எதிர்பார்ப்பை வெறுமையாக்குகிறது. இப்போது இது பாட்டல்ல, ஒருவனுடைய பேச்சு. யாப்பு அடியில் கிடந்து அந்தப் பேச்சைத் தாங்குகிறது.

இந்த மாற்றத்துக்குக் கவியரங்கும் வானொலியும் துணைநின்றன என்பது எனது எண்ணம். கவியரங்கிலே கேட்பவர் கையில் அச்சுப்பிரதி இல்லை. திரும்பிப் பார்த்து வாசிக்க வழியில்லை. காதில் விழுந்த கணத்திலேயே மனதில் தைக்கவேண்டும். அதற்கு ஏற்றது நாளாந்தப் பேச்சின் ஓசையே. 1966இல் மஹாகவி வெளியிட்ட 'குறும்பா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்து லிமரிக் வடிவத்தைத் தழுவிய அந்த ஐந்தடிப் பாக்களைக் கண்ணால் மாத்திரம் வாசிப்பவருக்கு அவற்றின் நகைச்சுவை பாதிதான் கிடைக்கும்.

அவருடைய 'தேரும் திங்களும்' என்ற கவிதை இன்னொரு பாடத்தைத் தருகிறது. தேர்வடம் பிடிக்க வருகிறான் ஒருவன். அவனும் ஒரு மனிதன்தான். ஆனால் சாதி அவனைத் தடுக்கிறது, கலகம் மூளுகிறது. மனிதன் சந்திரனில் கால்வைத்துவிட்ட காலம் அது. முதல் அடியிலேயே குரலை உயர்த்திக் கோபத்தோடு இதை வாசிப்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். அப்படி வாசித்தால் கவிதை கெட்டுவிடுகிறது. ஆசையோடு வருபவனின் சாதாரணக் குரல் முதலில் நம் காதில் விழவேண்டும். பின்னால் நடப்பது அப்போதுதான் சுடும்.

காதுக்கு அகப்படாத கவிதைகளும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சி. சு. செல்லப்பா 1959இல் சென்னையில் தொடங்கிய 'எழுத்து' ஏட்டில் திருகோணமலையைச் சேர்ந்த தருமு சிவராமு எழுதினார். பின்னர் பிரமிள் என்று அறியப்பட்ட அவருடைய படிமக் கவிதைகள் சில அடிகளில் ஒரு காட்சியை எழுப்பி ஓய்ந்துவிடுகின்றன. அவற்றை மெல்லச் சொல்லி, நெடுநேரம் மௌனமாக இருக்கவேண்டும். அந்த மௌனமும் வாசிப்பின் ஒரு பகுதியே.

எழுபதுகளில் யாப்பில்லாக் கவிதை இங்கும் பெருகியது. யாப்பு போனபின் ஓசை முழுவதும் பேச்சின் பொறுப்பாயிற்று. இந்தப் பொறுப்பை உணராமல் உரைநடையை எங்கேயாவது முறித்துப் போட்டவர்கள் பலர். உணர்ந்தவர்கள் எழுதியவை நின்றன. 1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அதையொட்டி எம். ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' ஒரு கனவைச் சொல்கிறது. அங்கே புத்தரே சுடப்பட்டு நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறார். இவ்வளவு கொடுமையை அக்கவிதை ஓலமிட்டுச் சொல்லவில்லை. நடந்ததை ஒருவன் அறிவிப்பதுபோல நிதானமாகச் சொல்கிறது. வாசிப்பவரும் அந்த நிதானத்தைக் காக்கவேண்டும். அழுகுரலில் வாசித்தால் நம்முடைய துயரம்தான் கேட்கும், கவிதையின் குரல் கேட்காது.

1985இல் 'மரணத்துள் வாழ்வோம்', 1986இல் பெண்களின் கவிதைகளைக் கொண்ட 'சொல்லாத சேதிகள்' ஆகிய தொகுதிகள் வந்தன. பின்னதன் கவிதைகள் பலவற்றில் மேடைக்குரல் இல்லை. ஒருத்தி தனக்கே சொல்லிக்கொள்ளும் குரலும், பக்கத்தில் இருப்பவளிடம் தணித்துச் சொல்லும் குரலும் அங்கே உள்ளன. உரத்துப் பேசமுடியாத காலத்திலும் கவிதை பேச்சாகவே இருந்திருக்கிறது. அதன் உரம் தணிந்தது, அவ்வளவுதான்.

ஆகவே "இதன் பொருள் என்ன?" என்பதைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்று முதலில் கேளுங்கள். நான் ஒரு கவிதையை எழுதி முடித்ததும் செய்கின்ற சோதனையும் இதுவே. வாய்விட்டுச் சொல்லும்போது அடி முறியும் இடத்தில் என் குரல் நிற்க மறுக்குமானால், அந்த இடத்தில் நான் எழுதியது பொய். அதை அடித்துவிட்டு மீண்டும் எழுதுகிறேன். வாசகர்களும் தங்கள் கையிலுள்ள கவிதைகளை இவ்வாறு சோதித்துப் பார்க்கலாம். விளங்காது என்று ஒதுக்கிவைத்த சில கவிதைகள் அப்போது பேசத் தொடங்கும். பெரிய பெயரோடு உலவும் சில கவிதைகளில் பேசுவதற்கு ஒருவருமே இல்லை என்பதும் தெரியவரும்.