கே மெக்டூகல்: வழக்குமன்றத்திலிருந்து வாக்குச்சாவடி வரை

கே மெக்டூகல் (பிறப்பு: 1947, அட்லாண்டா) அமெரிக்காவைச் சேர்ந்த குடிமை உரிமை வழக்கறிஞர், தொண்டு நிறுவனத் தலைவர். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சிக்கு எதிரான சட்டப் பணியாலும், சிறுபான்மையினரின் வறுமை குறித்து ஐக்கிய நாடுகள் அவையில் ஆற்றிய பணியாலும் அறியப்பட்டவர். சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையைக் கேட்டுப் பெற எளியவர்களுக்கு வழி வேண்டும். அந்த வழியை உண்டாக்குவதே இவருடைய பணியாக இருந்தது.

கல்வி

இவர் பிறந்த காலத்தில் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகளே இருந்தன. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அட்லாண்டாவில் வெள்ளையர் படித்த அரசுப் பள்ளிகளில் முதல் 9 கறுப்பின மாணவர்கள் சேர 1961 ஆகிவிட்டது. 1965இல் டிகேட்டர் நகரின் ஆக்னஸ் ஸ்காட் மகளிர் கல்லூரியில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவி மெக்டூகல். பின்னர் பென்னிங்டன் கல்லூரிக்கு மாறிப் பட்டம் பெற்றார். 1972இல் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை முடித்தார்.

தென்னாப்பிரிக்கா

அதிபர் கென்னடியின் வேண்டுகோளின்படி 1963இல் அமெரிக்க வழக்கறிஞர்கள் குடிமை உரிமைகளுக்காக ஒரு குழுவைத் தொடங்கினர். அக்குழுவின் தென் ஆப்பிரிக்கத் திட்டத்தை 1980 முதல் 1994 வரை மெக்டூகல் நடத்தினார்.

அநீதியான ஆட்சியில் நீதிமன்றத்துக்குப் போய் என்ன பயன் என்று மாணவர்கள் கேட்கலாம். நிறவெறி ஆட்சி சட்டத்தின் பெயரால்தான் நடந்தது. அதனால் வழக்கு, சாட்சி, மேல்முறையீடு என்ற நடைமுறைகளை அதனால் முழுவதும் ஒதுக்க முடியவில்லை. நல்ல வழக்கறிஞர் இருந்தால் காவலில் நடந்த கொடுமைகளை ஊரறியச் சொல்ல முடிந்தது. தண்டனையைக் குறைக்கவும் முடிந்தது. ஆனால் கைதானவர்களில் பெரும்பாலோருக்கு வழக்கறிஞர் வைக்கும் வசதியில்லை. அவர்களுக்காக வாதாட உள்ளூர் வழக்கறிஞர்களுக்கு இத்திட்டம் நிதி அளித்தது. ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகள் விடுதலையாக இது துணைநின்றது.

தேர்தல்கள்

1989இல் நமீபியாவில் ஐ.நா. மேற்பார்வையில் விடுதலைக்கான தேர்தல் நடைபெற்றது. அதைக் கண்காணிக்க மெக்டூகல் ஓர் ஆணையத்தை அமைத்தார். தென்னாப்பிரிக்க நிர்வாகம் வெளியிட்ட தேர்தல் சட்ட வரைவில் வாக்கின் ரகசியத்துக்கு ஆபத்தான விதிகள் இருந்தன. அத்தகைய குறைகளை எடுத்துக்காட்டித் திருத்தம் கோரியவர்களில் இவ்வாணையத்தினரும் இருந்தனர். 1990 மார்ச் 21 அன்று நமீபியா விடுதலை பெற்றது.

1994இல் தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தலை நடத்த 16 உறுப்பினர் கொண்ட தேர்தல் ஆணையம் அமைந்தது. அதில் இடம்பெற்ற ஒரே அமெரிக்கர் இவர். அத்தேர்தலில் 1 கோடியே 95 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாயின. நெல்சன் மண்டேலா தம் வாழ்வில் முதன்முறையாக வாக்களித்தபோது மெக்டூகல் அருகில் நின்றிருந்தார்.

வறுமையும் சிறுபான்மையினரும்

1994 முதல் 2006 வரை, பின்னாளில் 'குளோபல் ரைட்ஸ்' எனப் பெயர்பெற்ற மனித உரிமைத் தொண்டு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கினார். 2005இல் சிறுபான்மையினர் விவகாரங்களுக்கான ஐ.நா.வின் முதல் தனி வல்லுநராக நியமிக்கப்பட்டு 2011 வரை பணியாற்றினார். அப்போது உலக நாடுகள் 2015க்குள் வறுமையைப் பாதியாகக் குறைக்கும் இலக்கை ஏற்றிருந்தன. நாட்டின் சராசரிக் கணக்கு உயர்ந்தாலும் அதற்குள் சில சமூகங்கள் அதே வறுமையில் கிடக்கலாம். ஆகவே சமூகவாரியாகவும் கணக்கெடுக்க வேண்டும் என்று இவர் வலியுறுத்தினார்.

2007இல் டொமினிக்கன் குடியரசுக்குச் சென்றபோது ஹெய்ட்டி வம்சாவளியினர் பிறப்புச் சான்றுக்குப் படும் பாட்டை ஆராய்ந்தார். அந்த ஒரு தாள் இல்லாததால் பள்ளிப் படிப்பும் முறையான வேலையும் வாக்குரிமையும் எட்டாமல் போயின.

மதிப்பீடு

இவருக்கு 1999இல் மெக்ஆர்தர் நிதிநல்கையும், 2015இல் தென்னாப்பிரிக்காவின் ஓ. ஆர். டாம்போ விருதும் கிடைத்தன. நிறவெறி ஆட்சியின் வீழ்ச்சியைப் படிக்கும்போது தலைவர்களின் பெயர்களே நம் நினைவில் நிற்கின்றன. கைதிகளின் வழக்குச் செலவுக்கு நிதி திரட்டியவர்களும், தேர்தல் விதிகளை வரிவரியாகப் படித்துக் குறை கண்டவர்களும் அந்த வரலாற்றின் பங்காளிகளே.