உலோகக் கண்ணாடி பிறந்த கதை

பத்தர் பொடி வைத்து ஊதும்போது நகை உருகாது, பொடி மட்டும் உருகி இணைப்பில் ஓடும். கலப்பு உலோகமான அந்தப் பொடி தங்கத்துக்கு முன்பே இளகிவிடும். கலந்தால் உருகுநிலை இறங்கும் என்பது பட்டறை அறிவு. எவ்வளவு இறங்கும் என்று கேட்டால், தங்கமும் சிலிக்கனும் சொல்லும் பதில் எனக்கு இன்றும் வியப்புதான்.

தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும், சிலிக்கனுக்கு 1414. நூறு அணுக்களில் ஏறக்குறைய 19 சிலிக்கன் இருக்கும்படி கலந்தால், 363 டிகிரியிலேயே குழம்பாகிவிடுகிறது.

இதை அளக்கப் பொறுமை வேண்டும். கலவையை மூசையில் உருக்கி, பீங்கான் உறையிட்ட தெர்மோகப்பிளை உள்ளே இறக்கி, ஆற ஆற வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். வரைகோடு சீராக இறங்கும். முதல் படிகம் தோன்றும்போது சரிவு மட்டுப்படும். உறைவதில் வெளியாகும் வெப்பம் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. 363-க்கு வந்ததும் கோடு அப்படியே படுத்துவிடும். கடைசித் துளி உறையும்வரை நகராது. கலவை விகிதத்தை மாற்றிப் பாருங்கள்: முதல் திருப்பம் இடம் மாறும், அந்த 363 மாறாது. எல்லாப் புள்ளிகளையும் ஒரே தாளில் குறித்தால் இரண்டு மலைகளுக்கு நடுவே ஓர் ஆழமான பள்ளம் தெரியும். அதன் அடிதான் யூடெக்டிக் புள்ளி.

அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் உலோகக் கண்ணாடி பிறந்தது. பெற்றெடுத்தவர் அதைத் தேடிப் போகவில்லை.

அமெரிக்காவின் கால்டெக்கில் பணியாற்றிய, பெல்ஜியத்தில் பிறந்த போல் டூவெஸுக்கு வேறொரு கேள்வி இருந்தது. செம்பும் தங்கமும் எந்த விகிதத்திலும் ஒன்றில் ஒன்று கரையும், வெள்ளியும் தங்கமும் அப்படியே. செம்பும் வெள்ளியும் மட்டும் உறையும்போது ஏன் பிரிந்துவிடுகின்றன? பிரிய அவகாசமே கொடுக்காவிட்டால்? அதற்கென்றே அவரும் மாணவர்களும் ஒரு 'துப்பாக்கி' செய்தார்கள். உருகிய சிறு துளியை அதிர்ச்சி அலை உந்தித் தள்ளும். துளி செம்புத் தகட்டில் மோதி மெல்லிய ஏடாகப் படிந்து உறையும். வினாடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவில் வெப்பம் இறங்கும். செம்பும் வெள்ளியும் பிரியாமல் ஒன்றாகவே உறைந்தன.

அடுத்து உலோகத்தோடு குறைகடத்தியைச் சேர்த்துப் பார்த்தார்கள். 75 பங்கு தங்க அணு, 25 பங்கு சிலிக்கன் அணு. சுமார் 1300 டிகிரியிலிருந்து அதே துப்பாக்கி. எக்ஸ்-கதிர்ப் படத்தில் படிகத்துக்குரிய கூர்மையான கோடுகள் வரவில்லை, அகலமான மங்கல் பட்டைதான் வந்தது. அணுக்கள் வரிசையில் நிற்கவே இல்லை. திரவத்தின் ஒழுங்கின்மை அப்படியே உறைந்திருந்தது. அதுதான் உலோகக் கண்ணாடி. கிளெமென்ட், வில்லன்ஸ் என்ற மாணவர்களுடன் டூவெஸ் எழுதிய சிறு கட்டுரை 1960-இல் 'நேச்சர்' இதழில் வந்தது.

துப்பாக்கியின் வேகத்தைப் புகழ்வோம். அந்தப் பள்ளத்தையும் சேர்த்தே புகழ வேண்டும். அங்கே கலவை மிகத் தாழ்ந்த வெப்பத்திலும் திரவமாகவே நீடிக்கிறது. உறைய வேண்டிய வேளை வரும்போது அணுக்கள் சோர்ந்திருக்கும், இடம் தேடி அடுக்கிக்கொள்ளத் தெம்பிருக்காது.

அந்த முதல் ஏடு நிலைக்கவில்லை. அறை வெப்பத்திலேயே படிகமாக மாறிப்போனது. டூவெஸ் குழு அடுத்து இன்னொரு பள்ளத்துக்குப் போனது: பல்லேடியமும் சிலிக்கனும். 1965-இல் அவர்கள் அறிவித்த அந்தக் கண்ணாடி அறை வெப்பத்தில் கலையாமல் நின்றது.