தேநீர் மணியும் குன்னூர் எலிகளும்

காலை பத்து மணி. நீலகிரியில் ஏதாவதொரு தேயிலைத் தொழிற்சாலையை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். இடைவேளை மணி ஒலிக்கிறது. கொழுந்தை வாட்டும் இடத்தில் நின்றவர்களும், சுருட்டும் இயந்திரத்தின் அருகே இருந்தவர்களும், அலுவலக அறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்களும் ஒரே திசையில் நடக்கிறார்கள். ஆளுக்கொரு குவளை, சர்க்கரை தூக்கலான தேநீர். கையில் இரண்டு வர்க்கி, அல்லது ஒரு பன். பிற்பகல் மூன்று மணிக்கு மீண்டும் மணி. மீண்டும் தேநீர். இம்முறை வடையோ பஜ்ஜியோ.

"பசிக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் "ஆம்" என்பார்கள். பலர் சற்றே யோசித்து, "மணி அடித்துவிட்டதே!" என்பார்கள்.

நீங்கள் வேலை செய்யுமிடம் வங்கியாக இருக்கலாம், பள்ளியாக இருக்கலாம், நூற்பாலையாக இருக்கலாம். காட்சி பெரும்பாலும் இதுவேதான். "இனி நொறுக்குத் தீனி வேண்டாம்" என்று உறுதி பூண்டு, நான்கு நாள் காத்து, ஐந்தாம் நாள் கை தானாகத் தட்டை நோக்கிப் போனதும், "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம்.

ஆனால், இது தொட்டில் பழக்கமே அன்று. நம் முன்னோர்கள் இதை அறியமாட்டார்கள். இப்பழக்கம் எப்போது பிறந்தது, யார் வளர்த்தது என்பதற்கெல்லாம் வரலாறு உண்டு. அதன் முக்கியமான பகுதி ஒன்று நம் குன்னூரிலேயே நிகழ்ந்தது. அதைத் தெரிந்துகொண்டால் பழக்கத்தை மாற்றும் வழியும் புலப்படும்.

மணி அடிக்கத் தொடங்கியது எப்போது?

நீலகிரியின் படுகர்கள் பழங்காலத்தில் கேழ்வரகு, சாமை, கோதுமை முதலிய தானியங்களைப் பயிரிட்டு உண்டுவந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைச் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. ஆனால் அந்தத் தேயிலை நம்மவர் குடிப்பதற்காக வளர்க்கப்படவில்லை. அது கப்பலேறிச் சென்றது. கொழுந்து பறித்த கைகளுக்குத் தேநீர்க் குவளை பழக்கமில்லாத காலம் அது.

1903 ஆம் ஆண்டில் தேயிலை ஏற்றுமதியின்மீது ஒரு வரி விதிக்கப்பட்டது. அந்தப் பணம் தேயிலை விளம்பரத்திற்கென்று ஒதுக்கப்பட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் தேயிலை முதலாளிகளின் சங்கம் ஆலைகள், சுரங்கங்கள், தொழிற்சாலைகள் ஆகியவற்றில் தேநீர்க் கடைகளை அமைக்கத் தூண்டியது. தொழிலாளி சற்று ஓய்ந்து ஒரு குவளை தேநீர் அருந்தினால் வேலை நன்றாக நடக்கும் என்று முதலாளிகளுக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. 1930களில் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது இந்தப் பிரசாரம் இன்னும் தீவிரமாயிற்று. தெருத் தெருவாகச் சென்று தேநீர் தயாரித்துக் காட்டி, இலவசமாகவும் கொடுத்தார்கள்.

ஆகவே, வேலையிடத்துத் தேநீர் என்பது நாமாகக் கண்ட வழக்கம் அன்று. திட்டமிட்டுக் கற்பிக்கப்பட்ட வழக்கம். தேநீரோடு சர்க்கரையும், ஆலையில் அரைத்த வெண்மாவில் செய்த பன்னும் பிஸ்கட்டும் சேர்ந்துகொண்டன.

ரஷிய அறிஞர் பாவ்லவின் நாய்களைப் பற்றி நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். உணவு தரும்போதெல்லாம் ஓர் ஒலியை எழுப்பிவந்தால், நாளடைவில் உணவே இல்லாமல் ஒலி மட்டும் கேட்டாலும் நாயின் வாயில் உமிழ்நீர் சுரக்கும். தொழிற்சாலை மணியும் நம்மிடம் அதையே செய்கிறது. வயிறு கேட்பதற்கு முன்னால் காது கேட்டுவிடுகிறது.

பூங்காவின் எதிரே ஓர் அறை

குன்னூர் சென்றவர்கள் சிம்ஸ் பூங்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அதன் எதிரே இருக்கும் பாஸ்டர் நிலையத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வெறிநாய்க்கடி மருத்துவத்திற்கென 1907 இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. 1918 ஆம் ஆண்டில் அங்கே ஒற்றை அறையில் ஒரு சிறு ஆய்வு தொடங்கப்பட்டது. அதன் பெயர் 'பெரிபெரி விசாரணை'.

நடத்தியவர் இராபர்ட் மெக்காரிசன். 1878 இல் அயர்லாந்தில் பிறந்து, 1901 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். வடக்கே கில்கிட் மலைப்பகுதியில் முன்கழுத்துக் கழலை நோயை ஆராய்ந்து பெயர் பெற்றவர். குன்னூரில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது: ஒருவன் வயிறு நிறைய உண்டும் நோயாளியாவது எப்படி?

பெரிபெரி நோய்க்கும் தீட்டிய அரிசிக்கும் உள்ள தொடர்பை ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன் கோழிகளைக் கொண்டு முன்பே கவனித்திருந்தார். தவிட்டோடு போய்விடும் ஒரு சத்து இல்லாமையே அந்நோய்க்குக் காரணம். தயமின் என்னும் வைட்டமின் பி1 தான் அச்சத்து. மெக்காரிசன் இந்தக் கேள்வியை விரிவாக்கினார். குறிப்பிட்ட ஒரு சத்தை மட்டும் பார்க்காமல், மக்கள் அன்றாடம் உண்ணும் முழு உணவையும் அவர் எடைபோட விரும்பினார்.

இடையில் அரசின் சிக்கன நடவடிக்கையால் 1923 இல் பணி நின்றது. 1925 இல் மீண்டும் தொடங்கியது. 1928 இல் அந்த ஒற்றை அறை 'உணவூட்ட ஆராய்ச்சிக் கூடம்' என்ற முழு நிறுவனமாக வளர்ந்தது. மெக்காரிசன் அதன் முதல் இயக்குநரானார்.

எலிகள் சொன்ன செய்தி

அவர் செய்த சோதனைகளுள் ஒன்றைக் காண்போம். ஒரே வயதும் ஒத்த எடையும் உள்ள இளம் எலிகளை இரு கூட்டமாகப் பிரித்தார். கூட்டத்திற்கு 20 எலிகள். ஒரு கூட்டத்திற்குப் பஞ்சாபின் சீக்கிய உழவர் உணவு: முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, பழம், எப்போதாவது சிறிது இறைச்சி.

மற்றக் கூட்டத்திற்கு அன்றைய இங்கிலாந்தின் ஏழைகளுடைய உணவு: வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், தகர டப்பா இறைச்சி, வேகவைத்துச் சத்திழந்த காய்கறி. அத்துடன், கவனியுங்கள், சிறிது பாலும் சர்க்கரையும் சேர்த்த தேநீர்.

முதற் கூட்டம் செழித்து வளர்ந்தது. இரண்டாவது கூட்டத்தின் எலிகள் வளர்ச்சி குன்றின, உடலமைப்பு கோணிற்று. நுரையீரல் நோயும் குடல் நோயும் கண்டன. வேளை தவறாமல் உணவிட்ட பணியாளர்களையே அவை கடித்தன. அறுபதாம் நாள் அளவில், தம்முள் வலிமை குன்றியவற்றைக் கொன்று தின்னவும் தொடங்கின!

மற்றொரு சோதனையில் இந்தியாவின் பல பகுதி உணவுகளை ஒப்பிட்டார். சீக்கியர் உணவு உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். 'மதராசி' உணவு உண்டவற்றின் எடை 155 கிராம்தான். தீட்டிக் கழுவிய அரிசியே அந்த உணவின் பெரும்பகுதி. பாலும் மோரும் மிகக் குறைவு. குடிக்கச் சர்க்கரையிட்ட காப்பி.

இங்கே நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். எலி மனிதன் அன்று. எலிகள் வேறெதையும் உண்ண வழியின்றி அந்த ஒரே உணவில் அடைபட்டிருந்தன. நாமோ வீட்டிற்குச் சென்று சோறும் குழம்பும் உண்கிறோம். மேலும், மெக்காரிசன் உணவுகளை இன வாரியாகப் பெயரிட்டது அக்காலத்து ஆங்கிலேயரின் பார்வை. ஒரே மாகாணத்தில் பண்ணையார் உணவும் கூலித் தொழிலாளி உணவும் ஒன்றாக இருந்ததில்லை. உணவில் இருந்த வேறுபாட்டில் பாதி பணத்தின் வேறுபாடே.

இத்தனை கழித்த பிறகும் ஒன்று எஞ்சி நிற்கிறது. குறை தேநீரில் மட்டும் இல்லை. தீட்டிய மாவு, சர்க்கரை, மலிவான கொழுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து, நல்ல உணவின் இடத்தைப் பிடித்துக்கொண்டதே குறை. நம் பத்து மணித் தட்டைப் பாருங்கள். பன், வர்க்கி, பிஸ்கட், சர்க்கரைத் தேநீர்: குன்னூரின் இரண்டாம் கூண்டில் வைத்த உணவின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது அல்லவா?

உடலில் நடப்பது என்ன?

மைதாவும் சர்க்கரையும் விரைவில் குளுகோசாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. கணையம் இன்சுலினைச் சுரந்து அதைக் குறைக்கிறது. சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் குளுகோசின் அளவு தொடக்கத்தில் இருந்ததைவிடவும் கீழே இறங்கும். உடனே மீண்டும் பசிக்கும். காலைத் தின்பண்டமே அடுத்த தின்பண்டத்தைக் கூவி அழைக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். குவளைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, அதாவது ஏறத்தாழ 10 கிராம். நாளுக்கு நான்கு குவளை என்றால் 40 கிராம். ஆண்டில் 300 வேலை நாட்களுக்கு 12 கிலோ! உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2015 இல் தந்த யோசனை. பன்னும் இனிப்பும் கணக்கில் சேருமுன்னரே நாம் எல்லையைத் தாண்டிவிட்டோம்.

அடுத்தது கொழுப்பு. எண்ணெயை ஹைட்ரஜனேற்றிச் செய்யும் வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு என்ற ஒன்று உண்டாகிறது. அது இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை உயர்த்தி, நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கும். இதய நோய்க்கு வழி வகுக்கும். இதனால்தான் 2022 முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்பு வகைகளில் இதன் அளவு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி செய்யப்பட்டது. ஆயினும், பலமுறை காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பஜ்ஜிக்கு இந்த விதி காவல் நிற்காது.

மூன்றாவது, பெண்கள் குறிப்பாக அறிய வேண்டியது. தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, குடல் அதை ஏற்க விடாமல் தடுக்கின்றன. 2019–21 இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. கூடை நிறையக் கொழுந்து சுமந்து சரிவேறும் பெண்ணுக்கு இரும்புச் சத்துக் குறைந்தால் மூச்சு வாங்கும், கை ஓயும். சோர்வு தீர இன்னொரு குவளை தேநீர் குடித்தால், சோர்வின் காரணமே வளரும்.

தட்டை மாற்றுவோம்

1935 இல் மெக்காரிசன் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு, எலிக் கூண்டிலிருந்து மக்களின் அடுப்பங்கரைக்குச் சென்றார். தென்னிந்தியக் கிராமங்களில் யார் எதை, எவ்வளவு உண்கிறார்கள் என்று அளந்தார். இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளைப் பட்டியலிட்டு 1937 இல் ஒரு வெளியீடு கொண்டுவந்தார். அதன் பெயரிலேயே 'போதிய உணவைத் திட்டமிடுதல்' என்ற கருத்தும் இடம்பெற்றிருந்தது. "இதை உண்ணாதே" என்பதோடு அவர் நிற்கவில்லை. கையிலுள்ள காசுக்கு எதை உண்ணலாம் என்பதையும் சொன்னார்.

நமக்கு வேண்டிய வழி இதுவே. மணி நிற்காது, நிற்கவும் வேண்டாம். உழைப்பவனுக்கு ஓய்வு தேவை. மணி ஒலிக்கும்போது கை நீளும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதை மாற்றுவோம்.

குன்னூரின் முதற் கூண்டிலிருந்த முளைகட்டிய கடலை நம் வீட்டுச் சுண்டலுக்கு உறவுதான். 30 கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 5 முதல் 6 கிராம் புரதம் உண்டு. மெதுவாகச் செரிப்பதால் பசியைப் பகல் உணவு வரை தாங்கும். எலுமிச்சை பிழிந்தால் வைட்டமின் சி இரும்புச் சத்தை ஏற்க உதவும். வேர்க்கடலை, அவித்த பயறு, நெல்லிக்காய், வாழைப்பழம் இவையும் எளிதில் கிடைப்பவை. சுண்டலை ஓர் இடைவேளைக்கும் தேநீரை மற்றோர் இடைவேளைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீரைத் தவிர்ப்பது நல்லது என்று 2024 இல் வெளியான தேசிய உணவு வழிகாட்டியும் கூறுகிறது. சர்க்கரையை வாரம் கால் கரண்டியாகக் குறைத்து வாருங்கள். ஆறு வாரத்தில் இரண்டு கரண்டி அரைக் கரண்டியாகிவிடும். நாளுக்கு 40 கிராம் 10 கிராமாகிவிடும்.

எத்தனை நாளில் பழக்கம் படியும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பழக்கம் தானாக நிகழ்வதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள். சிலருக்கு அதைவிட மிக நீண்ட காலம். ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு எதுவும் விளையவில்லை. ஐந்தாம் நாள் தோற்றவர்கள் ஆறாம் நாள் தொடரலாம்.

தனி மனிதர் உறுதி மட்டும் போதாது. 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 150 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் தோட்டங்களில் சிற்றுண்டிச் சாலை அமைக்க வழி செய்தது. சாலை அமைத்தால் போதுமா? அதன் தட்டில் வடைக்குப் பக்கத்தில் சுண்டலும் அதே விலைக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காத இடத்தில் தொழிலாளியைக் குறை சொல்வது நியாயமாகாது.

குன்னூர் ஆராய்ச்சிக் கூடம் 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969 இல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்று பெயர் பெற்றது. வர்க்கி மட்டும் நீலகிரியிலேயே இருக்கிறது. 2023 இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதை வெறுக்க வேண்டியதில்லை. ஊட்டிக்குப் போன நாளில் ஆசையாக உண்ணுங்கள்; ஊருக்கும் வாங்கி வாருங்கள். விருந்துக்கு உரியதை நாள்தோறும் இரு வேளை மணிக்கு உண்டு தீர்க்க வேண்டாம்.

நாளைக் காலை மணி ஒலிக்கும்போது ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்ளுங்கள்: கூப்பிடுவது வயிறா, மணியா? வயிறுதான் என்றால் அதற்குச் சுண்டல் கொடுங்கள். மணிதான் என்றால், வெளியே சென்று சற்று நடந்துவிட்டு வாருங்கள். பழக்கம் மணியோடு வந்தது. மணியோடே மாறவும் கூடும்.