பறந்து பறந்து அடிக்கும் தாய்லாந்து படங்கள்... கம்பு சுற்றும் நம்ம ஊர் படங்கள்!
சண்டைப் பட ரசிகர்கள் தவறாமல் பார்க்க வேண்டியவை

திருப்பரங்குன்றம்,

சூரனோடு சண்டை போட்டு ஜெயித்த முருகன், தெய்வானையைக் கைப்பிடித்த தலம் திருப்பரங்குன்றம். சண்டை முடிந்து கல்யாணம் நடந்த ஊர் என்பதால், சினிமாவிலும் நம்ம ஜனங்களுக்கு சண்டையும் வேண்டும், கடைசியில் சுபமும் வேண்டும்.

அந்தக் காலத்தில் மதுரையில் இங்கிலீஷ் படம் என்றாலே ரெயில் நிலையம் பக்கம் விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் இருந்த ரீகல் தியேட்டர்தான். பாஷை புரியாவிட்டாலும் அடி புரியும் என்று டிக்கெட் எடுத்தவர்கள் ஏராளம். இப்போது அந்த வேலையை செல்போன் பார்க்கிறது. ஆனால் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதில்தான் குழப்பம்.

தற்காப்புக் கலையை மையமாக வைத்து வந்த படங்களில் காசுக்கும் நேரத்துக்கும் மோசம் செய்யாதவை பற்றிய விவரம் வருமாறு:-

சாமி தலையைத் தேடி...

முதலில் தாய்லாந்து. அந்த நாட்டின் குத்துச்சண்டைக்கு முய் தாய் என்று பெயர். கை, முழங்கை, முழங்கால், கால் என எட்டு இடத்தாலும் அடிக்கலாம். முழங்கையால் ஒரு போடு போட்டால் எதிராளி எழுந்திருக்க மாட்டான்.

இந்தக் கலையை உலகம் முழுக்க கொண்டு போன படம் 'ஓங்-பாக்'. 2003-ம் ஆண்டு வெளியானது. இயக்குனர் பிராச்யா பின்கேவ். கதாநாயகன் டோனி ஜா. கயிறு கட்டித் தூக்கவில்லை, கம்ப்யூட்டர் கிராபிக்சும் கிடையாது. ஓடுகிற வண்டிக்கு அடியில் புகுந்து வருவது, காலில் தீப்பிடித்து எரிய எரிய எதிரியை உதைப்பது எல்லாம் நிஜமாகவே செய்தது. அவருக்கு சண்டை சொல்லிக் கொடுத்த குரு பன்னா ரிட்டிக்ராய் 2014-ல் இறந்து போனார்.

கதை என்ன தெரியுமா? ஒரு ஏழை கிராமத்து கோவிலில் உள்ள புத்தர் சிலையின் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு போய் விடுகிறார்கள். அதை மீட்க கிராமத்து இளைஞன் பாங்காக் நகரத்துக்குப் போகிறான். அவ்வளவுதான்!

நம்ம ஆட்களுக்கு இது வெளிநாட்டுக் கதையாகவே தெரியாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோவிலில் திருடு போன நடராஜர், ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் வரை போய், 2014-ல்தான் இந்தியா திரும்பினார். அங்கே சினிமாவில் ஒருத்தன் அடித்து மீட்டான். இங்கே போலீஸ், வழக்கு, ஆவணம் என்று பல வருஷம் இழுத்தது. சிலை கடத்தலை வைத்து இப்படி ஒரு முழுநீள சண்டைப் படம் எடுக்க நம்மை விட பொருத்தமான ஊர் எது?

அடுத்து 2005-ல் வந்த 'டாம் யம் கூங்'. தலைப்பு ஒரு இறால் சூப்பின் பெயர். ஆனால் படம் யானையைப் பற்றியது. பிள்ளை மாதிரி வளர்த்த யானைகளை கும்பல் கடத்திவிட, அதைத் தேடி டோனி ஜா ஆஸ்திரேலியா போகிறார். நிஜ வாழ்க்கையிலும் அவர் யானை வளர்ப்புக்குப் பேர் போன சூரின் பகுதியில், யானை வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். அதனால்தான் அழுகிற இடத்தில் நடிப்பாகத் தெரிவதில்லை. கோவில் யானைக்கு வாழைப்பழம் கொடுத்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் படம் கட்டாயம் பிடிக்கும்.

இதில் ஓட்டலின் மாடிப்படிகளில் ஏறிக்கொண்டே ஒவ்வொருவராக அடித்து வீழ்த்தும் காட்சி இருக்கிறது. சுமார் 4 நிமிடம். நடுவில் ஒரு இடத்தில் கூட 'கட்' கிடையாது. கடைசிப் படி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்குவது நிஜ மூச்சு.

பெண்கள் பார்க்க 2008-ல் வந்த 'சாக்லேட்' நல்ல படம். ஆட்டிசம் பாதித்த ஒரு சிறுமி, டி.வி.யில் பார்க்கும் சண்டையை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டு, நோயாளி அம்மாவின் மருந்துச் செலவுக்காக கடன்காரர்களிடம் பாக்கி வசூலிக்கக் கிளம்புகிறாள். நடித்தவர் ஜீஜா யானின். படம் முடிந்து பெயர் ஓடும்போது எழுந்து விடாதீர்கள். படப்பிடிப்பில் யார் யாருக்கு எங்கே அடிபட்டது என்று காட்டுகிறார்கள். சண்டைக் கலைஞர்கள் வாங்கும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கத் தோன்றும்.

அங்கே வில்லன்... இங்கேயும் வில்லன்!

'டாம் யம் கூங்' படத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதில் டோனி ஜாவோடு மோதிய இருவர் பிறகு தமிழுக்கு வந்தார்கள்.

ஒருவர் ஜானி டிரை நுயென். வியட்நாமைச் சேர்ந்தவர். இவர்தான் 2011 தீபாவளிக்கு வந்த 'ஏழாம் அறிவு' படத்தில் சூர்யாவோடு மோதிய டாங் லீ. கண்ணாலேயே பார்த்து ஆட்களை ஆட்டி வைப்பாரே, அவரேதான்.

இன்னொருவர் ராட்சத உருவம் கொண்ட ஆஸ்திரேலிய மல்யுத்த வீரர் நேதன் ஜோன்ஸ். 2015-ல் வந்த 'பூலோகம்' படத்தில் ஜெயம் ரவியோடு (இப்போது ரவி மோகன்) குத்துச்சண்டை போட்டவர். இரண்டு படத்தையும் அடுத்தடுத்து பார்த்தால் ஒரு தனி சுகம்.

'ஏழாம் அறிவு' பற்றி ஒரு வார்த்தை. காஞ்சீபுரத்து பல்லவ இளவரசர் போதிதர்மர் சீனாவுக்குப் போய் சண்டைக் கலையைக் கற்றுக் கொடுத்தார் என்று படம் சொல்கிறது. போதிதர்மர் தென்னிந்தியாவில் இருந்து போனவர் என்பது பழைய மரபு. ஆனால் ஷாவோலின் சண்டைக் கலை அவரிடம் தொடங்கியது என்பது பிற்காலத்தில் சேர்ந்த கதை என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். முதல் 20 நிமிடத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம். பின்பாதியில் வசனம் கொஞ்சம் ஓவர்.

வாத்தியார் சுற்றிய கம்பு

நம்ம மண்ணின் கலை என்றால் சிலம்பம்தான். தரையில் ஊன்றினால் ஆளின் புருவ மட்டம் வரும் மூங்கில் கம்பு. முதலில் கம்பைக் கையில் கொடுக்க மாட்டார்கள். காலடி வரிசை சரியாக வந்த பிறகுதான் கம்பு. வேடிக்கை பார்ப்பவர்களுக்கு கை சுற்றுவது தெரியும். ஆனால் சண்டையை ஜெயிப்பது கால்தான் என்று ஆசான்கள் சொல்வார்கள்.

சினிமாவில் இதை முறையாகத் தெரிந்து செய்தவர் எம்.ஜி.ஆர். சிலம்பம் சொல்லிக் கொடுப்பவரையும் வாத்தியார் என்போம், எம்.ஜி.ஆரையும் வாத்தியார் என்றோம். பொருத்தம்தான்.

1963-ல் வந்த 'பெரிய இடத்துப் பெண்' படத்தின் சிலம்பச் சண்டை இன்றைக்கும் பேசப்படுகிறது. கேமராவை அங்கேயும் இங்கேயும் ஆட்டாமல், ஆள் முழுசாகத் தெரிகிற மாதிரி எடுத்திருப்பார்கள். வித்தை தெரிந்தவர் என்பதால் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. இப்போது வரும் படங்களில் ஒரு அடிக்கு ஆறு 'கட்' வைக்கிறார்களே, அது ஏன் என்று இதைப் பார்த்தால் புரிந்துவிடும்.

1971-ல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' இன்னும் ஒரு படி மேல். சைக்கிள் ரிக்‌ஷாவை மிதித்துக்கொண்டே கம்பு சுற்றுவார். தேசிய அளவில் சிறந்த நடிகர் விருது எம்.ஜி.ஆருக்குக் கிடைத்ததும் இந்தப் படத்துக்குத்தான். ரிக்‌ஷா மிதிப்பவர்களுக்கு அந்தப் படம் கொடுத்த மரியாதையை மதுரையில் பழைய ஆட்கள் இன்னும் மறக்கவில்லை. எம்.ஜி.ஆர். 1980-ல் மதுரை மேற்கு தொகுதியில் நின்று ஜெயித்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

கத்திச் சண்டை பிரியர்களுக்கு 1956-ல் வந்த 'மதுரை வீரன்'. முடிவில் மாறுகால் மாறுகை வாங்கும் காட்சிக்கு அன்று தியேட்டரில் அழாத ஆள் இல்லை.

இவ்வளவு இருந்தும், 'ஓங்-பாக்' முய் தாய்க்கு செய்ததை சிலம்பத்துக்கு செய்த தமிழ்ப் படம் ஒன்று இன்னும் வரவில்லை. பாட்டுக்கு நடுவில் நாலு சுற்று, திருவிழா காட்சியில் இரண்டு வீச்சு, அதோடு சரி. அதே சமயம் நிஜத்தில் சிலம்பம் முன்னேறி இருக்கிறது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சிப் போட்டியாக சேர்க்கப்பட்டது. சினிமாதான் பின்தங்கி நிற்கிறது.

இரண்டு விரல் போதும்

1996-ல் 'இந்தியன்' வந்தபோது பள்ளிக்கூடங்களில் பையன்கள் இரண்டு விரலை மடக்கிக்கொண்டு ஒருத்தன் கழுத்தில் ஒருத்தன் குத்திக்கொண்டு திரிந்தார்கள். வாத்தியார்கள் பிரம்பெடுத்த பிறகுதான் அடங்கியது. சேனாபதி தாத்தா செய்தது வர்மக்கலை. உடம்பில் 108 வர்மப் புள்ளிகள் என்பது மரபுக் கணக்கு. அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. படுவர்மத்தில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்பார்கள். அதே ஆசான்கள்தான் சுளுக்கும் எடுப்பார்கள், எலும்பு முறிவுக்கும் கட்டுப் போடுவார்கள். படத்தில் கொல்கிற பக்கம் மட்டும்தான் வந்தது, வைத்தியப் பக்கம் வரவில்லை.

'இந்தியன் 2' வெளிவரும் நேரத்தில் மதுரையைச் சேர்ந்த வர்மக்கலை ஆசான் ஒருவர், தன் முத்திரைகளை அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதாகச் சொல்லி மதுரை கோர்ட்டுக்குப் போனார். படம் தடையில்லாமல் 2024 ஜூலை 12-ந்தேதி வெளியானது. போஸ்டரில் ஹீரோ பெயர் பெரிசாக இருக்கும், ஸ்டண்ட் மாஸ்டர் பெயர் சின்னதாக இருக்கும். கலையைச் சொல்லிக் கொடுத்த ஆசான் பெயரை பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

வர்மத்தோடு ஒட்டிய இன்னொரு கலை, கன்னியாகுமரி பக்கத்து அடிமுறை. இதை மையமாக வைத்து 2020 பொங்கலுக்கு தனுஷ் நடித்த 'பட்டாஸ்' வந்தது. அப்பா அடிமுறை ஆசான், மகன் சில்லறைத் திருடன். கதை பழகிய கதைதான். ஆனால் சினேகா அம்மா வேடத்தில் அடிமுறை பயின்று போடும் சண்டை உண்மையிலேயே அசத்தல். அவருக்காகவே பார்க்கலாம்.

கூலிக்காரன் கையில் கிளவுஸ்

குத்துச்சண்டைப் படங்களில் நமக்கு முதலிடம் 'சார்பட்டா பரம்பரை'. பா.ரஞ்சித் இயக்கி, கொரோனா காலம் என்பதால் 2021 ஜூலையில் தியேட்டருக்கு வராமல் நேரடியாக இணையத்தில் வெளியானது. 1970-களில் வடசென்னை. ஆர்யா துறைமுகக் கூலி. வேலை முடிந்து வேர்வையோடு ஓடிப்போய் கூட்டத்தில் நின்று குத்துச்சண்டை பார்ப்பார். ஒருநாள் அவரே மேடை ஏறுகிறார். பசுபதியின் ரங்கன் வாத்தியார், காலை வைத்தே எதிராளியை ஏமாற்றும் டான்சிங் ரோஸ் இருவரையும் மறக்க முடியாது.

ஜெயித்தவன் என்ன ஆகிறான் என்பதையும் இந்தப் படம் மறைக்காமல் சொல்கிறது. கூட இருந்தவர்கள், சாராயம், ஜெயில் என்று ஆள் சரிந்து, தொப்பை போட்டு, பெண்டாட்டி பிள்ளை முன்னால் தலைகுனிந்து நிற்கிறான். இரண்டாம் பாதி இழுவை என்று சிலர் சொல்வார்கள். அந்த இழுவையில்தான் படமே இருக்கிறது. படத்தில் வருவது போல வடசென்னையில் குத்துச்சண்டை அப்போது பெரிய மோகம். 1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது 2016-ல் வந்த 'இறுதிச்சுற்று'. மீன் விற்கும் பெண்ணாக ரித்திகா சிங். நிஜத்திலும் சண்டை வீராங்கனை என்பதால் ஒவ்வொரு குத்தும் நம்பும்படி இருக்கும். தேசிய விருதில் சிறப்புப் பாராட்டும் வாங்கினார். படத்தில் அக்காக்காரி குத்துச்சண்டை பழகுவது மெடலுக்காக இல்லை, விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைக்கும் என்பதற்காக. எத்தனை வீட்டில் இதே கணக்கு! சங்கத்து அரசியல், வீராங்கனைகளிடம் தவறாக நடக்கும் நிர்வாகி எல்லாவற்றையும் இயக்குனர் சுதா கொங்கரா பூசி மெழுகாமல் காட்டி இருக்கிறார்.

'எம்.குமரன் சன் ஆப் மகாலட்சுமி' (2004) கிக் பாக்சிங் படம் என்றாலும், சண்டையை விட நதியா-ரவி அம்மா பிள்ளை காட்சிகள்தான் மனசில் நிற்கும். ரஜினி ரசிகர்களுக்கு 1983-ல் வந்த 'பாயும் புலி'. சீன சண்டைப் படங்களின் பாணியில் ரஜினி குருவிடம் பயிற்சி எடுத்து எதிரிகளைப் பந்தாடுவார். லாஜிக் பார்க்கக்கூடாது.

மதுரைக்காரர்கள் இருவர்

சண்டைப் படம் பற்றி எழுதிவிட்டு கேப்டனை விட்டால் ஊருக்குள் நடக்க முடியாது. மதுரையில் பிறந்த விஜயகாந்த், சுவரில் ஒரு காலை ஊன்றி மறு காலால் சுழற்றி அடிக்கும் அடிக்கு தியேட்டரில் விசில் பறக்கும். அவருடைய 100-வது படம் 'கேப்டன் பிரபாகரன்' 1991-ல் வந்தது. அவர் 2023 டிசம்பர் 28-ல் மறைந்தார். அதன் பிறகு 2025 ஆகஸ்டில் படம் புதுப்பொலிவோடு மீண்டும் வெளியானது. தற்காப்புக் கலைப் படம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அந்தக் காலை உதறித் தள்ள முடியுமா?

இன்னொருவர் கராத்தே, வில்வித்தை மாஸ்டர் ஷிஹான் ஹுசைனி. இவரும் மதுரைக்காரர். 'புன்னகை மன்னன்' (1986) படத்தில் அறிமுகமானவர், 2001-ல் வந்த 'பத்ரி' படத்தில் விஜய்க்கு பயிற்சியாளராக நடித்தார். ரத்தப் புற்றுநோயால் 2025 மார்ச் 25-ல் காலமானார். 'பத்ரி'யில் விஜய் பயிற்சி எடுக்கும் பாட்டில், கை விரல்கள் மேல் கார் ஏறும் காட்சி இருக்கிறது. பிள்ளைகள் பார்க்கும்போது பெரியவர்கள் கூட இருந்து, இதை வீட்டில் பைக் வைத்து முயற்சி செய்யக்கூடாது என்று சொல்லிவிடுவது நல்லது.

சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க 'பெரிய இடத்துப் பெண்', 'ரிக்‌ஷாக்காரன்', 'எம்.குமரன்' மூன்றும் தொந்தரவு இல்லாதவை. 'ஓங்-பாக்', 'டாம் யம் கூங்' இரண்டிலும் எலும்பு முறியும் சத்தம் காது கூசும் அளவுக்கு இருக்கும். பிள்ளைகள் தூங்கின பிறகு போடுங்கள்.